பேபி மூடாத டிரம்

மேனாம்பேட்டில் பேபி என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். பால் பூத் பேபி, டெய்லர் பேபி, கம்பெனி பேபி. இந்தக் கதை கம்பெனி பேபியினுடையது. ஆவடியில் டேங்க் செய்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் சமையலுக்கு நின்ற மனுஷனுக்கு நாலாவது பிள்ளையாகப் பிறந்தவள். முதல் மூன்றுக்கும் பேர் வைத்தே அவர் களைத்துப்போயிருந்தார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் "இது பேரு இன்னா?" என்று கேட்டபோது, குவார்ட்டர்சில் எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததையே சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, நாற்பத்து மூன்று வயதில், தலையில் நரையும் முழங்காலில் வலியுமாக, அவள் இன்னும் பேபிதான்.

நாலாவது பிள்ளைக்கு எதுவும் புதிதாக வராது. பாவாடை பெரிய அக்காவினுடையது, புத்தகப்பை அண்ணனுடையது, செருப்பு யாருடையது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் பொறாமைப்படுவது பேபிக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வேலை. அதை அவள் மறைத்ததும் கிடையாது. எதிர்வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கினால் "வயிறு எரியுதுடி எனக்கு" என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். சொன்ன கையோடு, ஃபிரிட்ஜை உள்ளே தள்ள ஒரு கை கொடுக்கவும் போவாள். வாய்விட்டுச் சொல்லிவிடுகிற பொறாமையால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. சொல்லாமல் உள்ளேயே வைத்து வளர்த்தது ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய ஓர்ப்படி ராதிகாவின்மேல்.

பேபியிடம் யாரும் உடுத்திக் கழிக்காத சொந்தச் சொத்து ஒன்று உண்டென்றால் அது அவளுடைய விரல்கள். கோலமாவை மூன்று விரலில் அள்ளிக் கீழே விட்டால் இரண்டு கோடாக, ஒரே அளவு இடைவெளியில் இறங்கும். மற்ற பெண்கள் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, கோணிக்கொண்டு நிற்பார்கள். இவளுக்கு ஒரே இழுப்பு. மார்கழியில் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். "எங்கடி கத்துக்கின?" என்று கேட்டால், "வந்துச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த விரல்களை நம்பித்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்த்திகேசன் என்பவருடைய கம்பெனி ஓடியது. துடைப்பத்துக்கும் பிரஷ்ஷுக்கும் பிளாஸ்டிக் நார் செய்கிற சின்னக் கம்பெனி. குருணை குருணையாக வருகிற பிளாஸ்டிக்கை உருக்கி, ஓட்டை போட்ட இரும்புத் தகட்டின் வழியே தள்ளினால் நாற்பது இழைகள் சேமியா போல இறங்கும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறுகும். அதைப் பிடித்து உருளைகளில் சுற்றி, சூட்டுப்பெட்டிக்குள் விட்டு இழுத்தால் ஒன்றுக்கு ஐந்தாக நீண்டு, பலம் ஏறி, கடைசியில் பாபினில் சுற்றிக்கொள்ளும். நடுவில் இழை அறுந்தால் மறுபடி எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு வர வேண்டும். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். பேபிக்கு நாலு நிமிஷம் போதும். மெஷின் ஓட்டுகிற சாதுல்லா, பூந்தமல்லிக்காரர், இருபது வருஷ ஆள், "பேபிம்மா லீவு போட்டா எனுக்கும் லீவு குடுத்துடு சார்" என்று முதலாளியிடமே சொல்வார். இந்தப் பேச்சைப் பதினாறு வருஷமாகக் கேட்டும் அவளுக்கு அலுக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் குணசேகரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் தம்பி தேவா. தேவாவுக்குப் பருத்திப்பட்டிலிருந்து ராதிகா வாக்கப்பட்டு வந்தபோது, பேபி மாடிக்குப் போனாள், புதுப்பெண் கீழ்வீட்டுக்கு வந்தாள். ராதிகா பன்னிரண்டாவது வரை படித்தவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஸ்கூட்டி ஓட்டுவாள். எரிவதற்கு இவ்வளவு போதாதா? ஆனால் அவளிடம் ஒரு குறை இருந்தது. எதையும் மூடமாட்டாள். ஊறுகாய் ஜாடி, குழாய், கேட்டு, கேஸ், எல்லாம் திறந்தபடி கிடக்கும். தினமும் சாப்பாடு முடிந்ததும் பேபி மாடியிலிருந்து இறங்கி வந்து, கீழ்வீட்டுக் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவாள். "நான் இல்லன்னா இந்நேரம் தெருவே எரிஞ்சிருக்கும்" என்று திட்டிக்கொண்டேதான் மூடுவாள். ராதிகா பதிலுக்குச் சிரிப்பாள். திட்டினாலும் பேபிக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. ராதிகாவிடம் அவளுக்குப் பொறாமை வராத நேரம் அது ஒன்றுதான்.

தேவாவுக்கு வேலை சரியில்லாமல் போனபோது ராதிகாவைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பேபிதான். சேர்த்ததிலும் ஒரு சூட்சுமம் செய்தாள். இழை கோக்கிற வேலைக்குப் பக்கத்திலேயே விடவில்லை. "மிக்சிங்ல போடுங்க சார், பாவம், கத்துக்குட்டி" என்றாள். அன்றைக்கு மிக்சிங் என்றால் குருணையும் கலர்ப்பொடியும் கொட்டி சுவிட்சைத் தட்டுவது. கம்பெனியிலேயே கடைசி வேலை. கடைசி வேலையைக் கொடுத்துவிட்டோம் என்று பேபி நிம்மதியாக இருந்தாள்.

நிம்மதி ஒன்றரை வருஷம் நீடித்தது. வெளிநாட்டுக்காரர்கள் பிரஷ்ஷில் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்கிறார்களாம். கோயம்புத்தூரில் பிரஷ் செய்கிற ஒரு கம்பெனி, பிளாஸ்டிக்கோடு தென்னை நாரைக் கலந்து இழை செய்து தர முடியுமா என்று கேட்டது. கார்த்திகேசன் முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பித்தார். பொள்ளாச்சியிலிருந்து நாரை மாவாக அரைத்த தூள் மூட்டை மூட்டையாக வந்தது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு தூள், மிச்சம் பிளாஸ்டிக் குருணை. இரண்டும் தானாக ஒட்டாது என்பதால், ஒட்டவைக்க வெள்ளையாக ஒரு மருந்து. இத்தனையும் சேருமிடம் எது? மிக்சிங். கடைசி வேலை ஒரே வாரத்தில் முதல் வேலையாகிவிட்டது.

ஆனால் இழை நிற்கவில்லை. இறங்கும்போதே கொப்புளம் கொப்புளமாக வரும், இழுத்தால் அறும். கோத்துக் கோத்து பேபிக்கு விரல் வெந்தது. சாதுல்லா ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னார்.

"தூளு தண்ணி குடிச்சிகினு வருது சார். சூடு பட்டதும் ஆவியாயி உள்ளேயே பொக்குளம் உடுது. அதான் இஸ்த்தா அறுந்துடுது."

தூளை அடுப்புப் பெட்டியில் வைத்து உலர்த்தினார்கள். நாலு மணி நேரம் வைத்தால் ஒரு மூட்டை காய்ந்தது, இன்னொரு மூட்டை காயவில்லை. ஆறு மணி நேரம் வைத்தால் கருகி நாறியது. எது பதம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஈரம் அளக்கிற மெஷின் வாங்கலாமா என்று கார்த்திகேசன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேபி மாடியில் இடியாப்பத்துக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். ராதிகா மாடி வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கினாள். பேபி வாணலியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துத் தரையில் கோடு இழுத்தாள்.

"ஏன்க்கா, தரையில இன்னாத்துக்குக் கோலம்?"

"பதம் பாக்கத்தான். ஈரம் இருந்துச்சுன்னா கோடு திட்டுத்திட்டா உழும். காஞ்சிட்டா கம்பி மாரி போவும். உங்கம்மா ஊட்ல இத்தகூட சொல்லித் தர்லியா?"

ராதிகா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்பெனியில் அவள் அடுப்புப் பெட்டியைத் திறந்து, அரை மணிக்கு ஒருமுறை தென்னைத் தூளை ஒரு கிள்ளு எடுத்து, டிரம் மூடியின்மேல் கோடு இழுத்துப் பார்த்தாள். திட்டுத்திட்டாக விழுந்தவரை விட்டுவைத்தாள். அறாமல் போனதும் எடுத்து டிரம்மில் கொட்டி அழுத்தி மூடினாள். அன்றைக்கு இழை காலையிலிருந்து மதியம்வரை ஓர் அறுப்பு இல்லாமல் ஓடியது. கார்த்திகேசன் ஓடிவந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துள்ளாத குறை. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில், பெரிய எழுத்தில், "ராதிகா டெஸ்ட் — ஒவ்வொரு மூட்டைக்கும்" என்று எழுதிவிட்டார்.

பேபி அதைப் படித்தாள். ஒருமுறை இல்லை, கோக்கப் போகும்போதும் வரும்போதும் படித்தாள். படிக்கப் படிக்க எரிந்தது. திருடிவிட்டாள் என்று சொல்லி ஒரு சண்டை போட்டிருக்கலாம். ஆனால் பேபி முட்டாள் இல்லை. திருட்டு இல்லை என்பது அவளுக்கே தெரியும். இருபத்தைந்து வருஷமாக மாவு வறுத்துக் கோடு இழுத்தவள் அவள். அதே விரலால் ஒரு மாதமாக அறுந்த இழையையும் முடிந்துகொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வேடிக்கை பார்த்தவளுக்குத் தோன்றியது. விரல் இவளுடையது, மூளை அவளுடையது. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி வாசலில் நின்று சொல்லிவிட முடியாத எரிச்சல் இது. சொன்னால் தன் மண்டையைத் தானே குறை சொன்ன மாதிரி ஆகும்.

ராதிகா வேறு, "அக்காகிட்டதான் சார் கத்துக்கினேன்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். கார்த்திகேசன் "அப்படியா, வெரி குட்" என்று பேபியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி ராதிகாவிடமே பேசப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் மழையோடு அடுத்த செய்தி வந்தது. கோயம்புத்தூர்க்காரர் நேரில் வந்து மெஷின் ஓடுவதைப் பார்க்கப்போகிறார். பிடித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் இரண்டாவது மெஷின். இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரு சூப்பர்வைசர்.

"ராதிகாவைத்தான் போடலாம்னு இருக்கேன், பேபி. உங்க வீட்டுப் பொண்ணு, உனக்கும் பெருமைதானே?" என்றார் கார்த்திகேசன்.

"ஆமா சார்" என்றாள் பேபி. சூப்பர்வைசர் என்றால் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவள். தனக்குத் தலைவலி என்றால், கேஸ் மூடத் தெரியாத இந்தப் பெண்ணிடம் போய்ச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கம்பெனியில் "பேபி இல்லாமல் ஆகாது" என்ற பேச்சு போய் "ராதிகா இல்லாமல் ஆகாது" என்று வரும். நாலாவது பிள்ளைக்கு வாழ்க்கையில் முதலாக வந்த இடம், அதுவும் போச்சு.

கோயம்புத்தூர்க்காரர் வருவதற்கு முதல் நாள். மூன்று நாளாக விடாத மழை. மறுநாள் ஓட்டவேண்டிய தூள் முழுவதையும் ராதிகா அன்றைக்கே உலர்த்தி மூன்று டிரம்மில் நிரப்பினாள். ஐந்தரைக்குத் தேவா பைக்கில் வந்து நனைந்துகொண்டே ஹாரன் அடித்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாதுல்லா மெஷினை நிறுத்திவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். உருளைகளைத் துடைத்துவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவள் எப்போதும் பேபிதான். பின் வாசல் இருந்தாலும் மிக்சிங் அறை வழியாகத்தான் அவள் போவது. போகிற போக்கில் எந்த மூடி சரியாக இல்லையோ அதை அழுத்திவிட்டுப் போவது வழக்கம்.

நடு டிரம் திறந்து கிடந்தது. மூடி மேஜைமேல். ஜன்னல் வழியே சாரல் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

பேபி மூடியை இழுத்தாள். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. அதற்குள் இன்னொரு பழக்கம் முந்திக்கொண்டது. ஒரு கிள்ளு தூளை எடுத்து மூடியின்மேல் விட்டாள். இரண்டு கோடுகள், ஒரு சாண் நீளத்துக்கு, அறாமல் ஓடின. கம்பிதான். இவ்வளவு நல்ல பதம் அவள் வீட்டு வாணலியில்கூட வந்ததில்லை.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் மூடியிருப்பாள். அது நன்றாக இருந்ததுதான் வினையாயிற்று. நாளைக்கு இந்தத் தூள் ஒரு குறை இல்லாமல் ஓடும், வந்தவர் தலையாட்டுவார், பலகையில் இருக்கிற பேர் சூப்பர்வைசர் அறைக் கதவில் ஏறும். பேபி மூடியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நானா தொறந்தேன்?" என்று வாய்விட்டே கேட்டாள். அறையில் யாரும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தால், அவள் மாடி வராந்தாவில் காயப்போட்டிருந்த துணியை ராதிகா சாரல் படாமல் எடுத்து மடித்து வைத்திருந்தாள். அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேவா பைக்கில் போய் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மூடிவிட்டு வந்திருப்பான், அரை மணி வேலை. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் கீழே இறங்கி, கீழ்வீட்டு ரெகுலேட்டரை மூடினாள். கை கேஸை மூடியது, வாய் டிரம்மைப் பற்றிப் பேசவில்லை. "நாளிக்கி நல்லபடியா ஓடணும்க்கா, வேண்டிக்கோங்க" என்றாள் ராதிகா. பேபி "ம்" என்றாள்.

காலையில் ராதிகா ஸ்கூட்டியில் முன்னாடியே போய்விட்டாள். பேபி போய்ச் சேர்ந்தபோது அவள் கார்த்திகேசன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நடு டிரம்மு மூடாம போயிட்டேன் சார். தூளு ராவெல்லாம் ஈரம் இஸ்த்துக்கிச்சு. கோடு உழவே மாட்டுது."

"மறுபடி உலர்த்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம் சார்."

"அவர் பத்து மணிக்கு வர்றார், ஒரு மணிக்குக் கிளம்புறார். மத்த ரெண்டு டிரம் மட்டும் பத்தாது, எல்லாத்தையும் கலந்து ஓட்டு. பாத்துக்கலாம்."

அப்படி ஓட்டியதில் நல்ல தூளும் கெட்டது. கோயம்புத்தூர்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, இழை கொப்புளித்துக்கொண்டு இறங்கியது. அறுந்தது. பேபி பாய்ந்து கோத்தாள். உருளையைத் தாண்டவில்லை, அறுந்தது. கோத்தாள், அறுந்தது. பதினொரு முறை. விரல்நுனியெல்லாம் தோல் உரிந்தது. யாரைக் கவிழ்க்க மூடாமல் விட்டாளோ அவள் ஓரமாக நின்றாள். கடைசியில் அத்தனை பேர் முன்னால் கேவலப்பட்டது பேபியின் சொந்த விரல்கள்தான். வந்தவர் தணிந்த குரலில், "இன்னும் ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டு மழையில் காரேறினார்.

கார் கேட்டைத் தாண்டியதும் கார்த்திகேசன் மிக்சிங் அறைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ராதிகாவைத் திட்டினார். திட்டி முடித்துப் பேபியின் பக்கம் திரும்பினார்.

"கடைசியா போறது நீதானே? நீ பார்க்கலையா?"

பேபி வாயைத் திறப்பதற்குள் ராதிகா சொன்னாள். "அக்கா நேத்து இந்தப் பக்கம் வர்ல சார். மழைன்னு பின் வாசல் வழியா போயிட்டாங்க."

பேபிக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்பாடா, இவளுக்குத் தெரியாது. அப்புறம் மேஜையைப் பார்த்தாள். டிரம் மூடி அங்கேயே இருந்தது. பளிச்சென்று இருந்தது. நேற்று அதன்மேல் இரண்டு கோடுகள் போட்டவள் அதைத் துடைக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது, துடைக்கவில்லை. காலையில் முதலில் வந்தது ராதிகா. மேனாம்பேட்டில் மட்டும் இல்லை, இந்தக் கம்பெனியிலும் ஒரே இழுப்பில் இரண்டு கோடு போடுகிற விரல் ஒன்றுதான் உண்டு.

ராதிகா அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ராதிகாவை பாபின்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். மிக்சிங் பேபிக்கு வந்தது. சாவிக்கொத்தும் வந்தது. "ராதிகா டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதே" என்று கார்த்திகேசன் சொல்லிவிட்டுப் போனார். எது வேண்டும் என்று நினைத்தாளோ அது கையில் கிடைத்துவிட்டது. தினம் பத்து முறை அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே கோடு இழுக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஒரே குறை.

வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தாள். வந்தால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். வரவில்லை. ராதிகா எப்போதும்போல் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். குரலில் குத்தலும் இல்லை. ஆனால் குழாய் சொட்டவில்லை, கேட்டு ஆடவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டுவிட்டுப் பேபி கீழே இறங்கினாள். ரெகுலேட்டர் மூடியிருந்தது. அடுத்த நாளும் மூடியிருந்தது. அதற்கடுத்த நாள், அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ராதிகா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"மூடிட்டேன்க்கா. இனிமே இதுக்குன்னு நீங்க எறங்கி வர வாணாம். முட்டி வலியோட இன்னாத்துக்கு."

பேபி நின்றாள். போக முடியவில்லை.

"நான் பாத்தேன்டி. அந்த டிரம்ம."

"தெரியும்க்கா. கோடு ரெண்டா இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல? ஏன்டி?"

ராதிகா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "தொறந்து போட்டது நான்தானே. நீங்க பின்னாடி வந்து மூடுவீங்கன்னு ஒரு இது. ஊட்லயும் அப்டியே பழகிட்டேன். தப்பு என்னுது." அவ்வளவுதான் சொன்னாள். அழுகை இல்லை, கோபம் இல்லை.

பேபி மாடி ஏறினாள். குணசேகரன் "இன்னா மூஞ்சி சுண்டிப்போச்சு?" என்று கேட்டதற்கு "முட்டி வலி" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வெட்கத்துக்குக் கீழே, அந்தப் பழைய எரிச்சல் இன்னும் அணையாமல் கிடந்தது. மூளை அவளுக்கு, கன்னத்துக் குழி அவளுக்கு, ஸ்கூட்டி அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? ஊரிலுள்ள நல்ல குணத்தையெல்லாம் இவளே அள்ளிக்கொண்டு போவாள், நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டுமா?

உண்மை பேசுகிறவர்கள் எல்லாரும் நல்ல மனசினால்தான் பேசுகிறார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மறுநாள் காலை பேபி கார்த்திகேசன் மேஜைமேல் சாவிக்கொத்தை வைத்தாள்.

"அன்னிக்கி டிரம்மு தொறந்து இருந்தத நான் பாத்தேன் சார். பாத்துட்டு மூடாம போனேன். அவ மேல எரிச்சல். அவளுக்கும் தெரியும். தெரிஞ்சிகினே எனுக்காகப் பொய் சொன்னா."

கார்த்திகேசன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "பதினாறு வருஷம், பேபி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒரு வார்த்தைதான் அவளை அழவைத்தது. பக்கத்தில் நின்ற சாதுல்லா தலையில் அடித்துக்கொண்டு மெஷின் பக்கம் போனார். ஒரு வாரம் அவளைப் பேபிம்மா என்று கூப்பிடவில்லை.

ராதிகா மிக்சிங்குக்குத் திரும்பினாள், பேபி இழை கோக்கத் திரும்பினாள். கோயம்புத்தூர்க்காரர் மறுபடி வர ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை கெட்டால் மூன்றாவது முறை கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் பேச்சும் ராதிகாவின் பேரிலேயே மாறாமல் இருந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் மாலை. மழை நின்றிருந்தாலும் காற்றில் ஈரம் பிசுபிசுத்தது. ராதிகா மூன்று டிரம்மையும் நிரப்பினாள். இந்த ஒரு மாதத்தில் அவள் ஒவ்வொரு மூடியையும் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். பேபி உருளையைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ராதிகா முதல் டிரம்மை மூடினாள். மூன்றாவதை மூடினாள். நடு டிரம்மின் மூடியைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். வெளியே ஸ்கூட்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"கொழுப்பப் பாரு இவளுக்கு" என்றாள் பேபி. கையிலிருந்த துணியை வீசி எறிந்துவிட்டு மிக்சிங் அறைக்குப் போனாள். ஒரு கிள்ளு தூள் எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூடியைத் தூக்கி வைத்து, கையால் குத்தி அழுத்தி, வளையத்தை மாட்டி இறுக்கினாள். இறுகிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்தாள். அதன்மேல், மேஜையிலிருந்த தூளை அள்ளி விட்டாள். இரண்டு கோடுகள் அறாமல் ஓடின. பதம் அருமையாக இருந்தது, வயிறு எரியத்தான் செய்தது. காலையில் வந்து அவளே பார்க்கட்டும் என்று துடைக்காமல் விளக்கை அணைத்தாள்.